குழந்தைக்கு எக்மோ: கோடு எது, கட்டணம் எது?

இதயமோ நுரையீரலோ சில நாளைக்கு வேலை செய்ய முடியாத நிலையில் இருக்கும் குழந்தையின் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, மறுபடி உடம்புக்குள் செலுத்துவதுதான் எக்மோ. பெங்களூரில் இருக்கும் நம் வாசகர்களில் இரண்டு சாரார் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கிருந்து மெடிக்கல் கோடிங் (சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, பில்லுக்கான கோடு எண்களைப் போடும் வேலை) செய்பவர்கள் ஒரு சாரார், இங்கேயே ஐ.சி.யூ. வாசலில் பில்லோடு நிற்கும் பெற்றோர் இன்னொரு சாரார். இரண்டு பேருக்கும் வேண்டியது கிட்டத்தட்ட ஒரே விவரங்கள்தான்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த ரத்தக்குழாய், எப்படித் திறந்தார்கள். அதனால் இந்த இதழில் இரு தரப்புக் கேள்விகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான் கோடராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இப்போது குழந்தைகள் இதயப் பிரிவு சார்ட்டுகளை (சிகிச்சைப் பதிவுகளை) கொடுத்திருக்கிறார்கள். சி.பி.டி. (அமெரிக்காவில் சிகிச்சைகளுக்குப் போடும் கோடுகளின் பட்டியல்) புத்தகத்தில் 33946-இல் தொடங்கி 33989 வரை எக்மோ கோடுகள் இருக்கின்றன. நடுவில் எண்கள் விட்டுவிட்டும் போகின்றன. எங்கே பிடித்துத் தொடங்குவது?
— வி.எஸ்., எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: எண்களை மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். சார்ட்டில் என்ன வேலை நடந்தது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 2014 வரை இந்தச் சிகிச்சை முழுவதும் மூன்றே கோடுகளில் அடங்கியிருந்தது: முதல் நாளுக்கு 33960, அடுத்தடுத்த நாட்களுக்கு 33961, குழாய் பொருத்த 36822. 2015 ஜனவரி முதல் அந்த மூன்றும் நீக்கப்பட்டுவிட்டன. குழாய் பொருத்துபவர் ஒருவர், இயந்திரத்தைத் தொடங்கி அளவுகளை நிர்ணயிப்பவர் இன்னொருவர், தினமும் பார்த்துக்கொள்பவர் வேறொருவர் என்பதுதான் நடைமுறை. அதற்கேற்றபடி ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோடு கொடுத்துவிட்டார்கள்.

எக்மோவைத் தொடங்குவதற்கு இரண்டு கோடுகள். ரத்தத்தைச் சிரையில் எடுத்துச் சிரையிலேயே விட்டால் 33946. சிரையில் எடுத்துத் தமனியில் விட்டால் 33947. முதலாவது நுரையீரலுக்கு மட்டும் துணை, இரண்டாவது இதயத்துக்கும் துணை. எந்தக் கருவி, எவ்வளவு ரத்த ஓட்டம், எவ்வளவு வாயு என்று முடிவு செய்யும் வேலைதான் இந்தக் கோடுகளில் அடங்கும். குழாய் பொருத்துவது இதில் சேராது. தினசரிக் கவனிப்புக்கும் அதே வரிசைதான்: சிரை–சிரைக்கு 33948, சிரை–தமனிக்கு 33949.

குழாய் விஷயத்துக்கு வந்தால் இரண்டு விவரங்கள் கூடுதலாக வேண்டும்: வழி, வயது. பிறந்தது முதல் 5 வயது வரை ஒரு கோடு. 6 வயதும் அதற்கு மேலும் வேறு கோடு. தோலில் ஊசியால் துளைத்துப் பொருத்தினால் சின்னக் குழந்தைக்கு 33951, பெரிய குழந்தைக்கு 33952. கழுத்தையோ தொடையையோ கீறி ரத்தக்குழாயை வெளிப்படுத்திப் பொருத்தினால் 33953, 33954. மார்பைத் திறந்து இதயத்திலும் பெருந்தமனியிலும் நேரடியாகப் பொருத்தினால் 33955, 33956. நகர்த்திச் சரிசெய்ய ஆறு கோடுகள், எடுக்க ஆறு கோடுகள்; இரண்டும் இதே மூன்று வழி, இரண்டு வயது என்ற அமைப்பில்தான் போகின்றன. எடுக்கும் வரிசையில் எண்கள் அதிகம் தாவும்: 33965, 33966, 33969, 33984, 33985, 33986. பிழை அதிகம் நடப்பது இந்தத் தாவலில்தான். 33969-க்கு அடுத்து 33970 என்று கை தானாகப் போகும். அது எக்மோ கோடே அல்ல.

வயது என்பது அந்த வேலை நடந்த தேதியில் இருந்த வயது, அட்மிட் ஆன தேதியில் இருந்த வயது அல்ல. 5 வயது 11 மாதக் குழந்தை இன்னும் சின்ன வயதுப் பிரிவில்தான். எக்மோவில் இருக்கும்போதே ஆறாவது பிறந்தநாள் வந்துவிட்டால், பொருத்தியதற்கு ஒரு பிரிவுக் கோடும் எடுத்ததற்கு அடுத்த பிரிவுக் கோடும் வரும். பார்ப்பதற்குப் பொருந்தாததுபோல் தோன்றினாலும் அதுதான் சரி. ஆடிட்டில் கேட்டால் பிறந்த தேதியைக் காட்டுங்கள்.

இன்னொன்று. சின்னக் குழந்தைக்குக் கழுத்தில் சிரைக்கு ஒன்று, தமனிக்கு ஒன்று என இரண்டு குழாய் போடுவார்கள். உடனே 33953-ஐ இரண்டு தடவை போடத் தோன்றும். கோடின் விளக்கத்திலேயே தமனி, சிரை, குழாய் அல்லது குழாய்கள் என்று எல்லாம் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு தடவைதான். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே குழாயை இறக்கியிருந்தால் அதற்கும் தனியாகப் போடக்கூடாது. அதுவும் அந்தக் கோடுக்குள்ளேயே அடக்கம்.

கேள்வி: ஆபரேஷன் குறிப்பில் "குழாயின் நுனி வலது மேலறையில் உள்ளது" என்று இருந்தது. இதயத்துக்குள் போய்விட்டதே என்று 33955 போட்டேன். ஆடிட்டர் பிழை என்கிறார். ஏன்?
— எம்.ஆர்., கே.ஆர்.புரம்

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. நுனி எங்கே முடிகிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. குழாய் எங்கே நுழைந்தது என்பதுதான் கணக்கு. வலது கழுத்துச் சிரை வழியாக இறக்கும் குழாயின் நுனி வலது மேலறையில் நிற்கத்தான் வேண்டும். ரத்தத்தை இழுத்துக்கொள்ள அதுதான் இடம். அப்படியிருந்தும் அது புறவழிக் குழாய்தான் (கழுத்து, தொடை ரத்தக்குழாய் வழியாக நுழைவது). மார்பெலும்பைப் பிளந்தோ விலா இடுக்கில் திறந்தோ பொருத்தினால் மட்டுமே மையவழி. இதய ஆபரேஷன் முடிந்து பைபாஸ் இயந்திரத்திலிருந்து விடுவிக்க முடியாத குழந்தைக்கு, திறந்திருக்கும் மார்பு வழியாகவே பொருத்துவார்கள். 33955 பெரும்பாலும் அங்கேதான் வரும்.

கழுத்தில் போட்டதிலும் ஊசி வழியா கீறலா என்று குறிப்பு தெளிவாகச் சொல்லவேண்டும். கம்பியைச் செலுத்தி அதன்மேல் குழாயை ஏற்றினார்கள் என்று மட்டும் இருந்தால் ஊசி வழி. கீறி, சிரையைக் கண்ணால் பார்க்கும்படி வெளிப்படுத்தினார்கள் என்றால் திறந்த வழி. "கழுத்தில் கேன்யூலா போடப்பட்டது" என்ற ஒரே வரி இருந்தால் ஊகித்துப் போடாதீர்கள். டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். தமனியில் நேரடியாகக் குழாயைச் செருகாமல், தமனியின் பக்கவாட்டில் ஒரு செயற்கைக் குழாய்த் துண்டைத் தைத்து அதன் வழியாகப் போட்டிருந்தால் 33987 கூடுதலாக வரும். அது துணைக் கோடு. திறந்த வழி, மையவழிக் கோடுகளோடு மட்டுமே சேரும். ஊசி வழிக் கோடோடு சேராது.

கேள்வி: இரவு 11.40-க்கு எக்மோ தொடங்கியது. அன்று கிடைத்தது இருபது நிமிடம்தானே? முதல் நாள் கணக்கை மறுநாளிலிருந்து தொடங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: கூடாது. இந்தக் கோடுகள் காலண்டர் தேதியைப் பின்பற்றுகின்றன, 24 மணி நேரத்தை அல்ல. 14-ம் தேதி இரவு 11.40-க்குச் சிரை–தமனி எக்மோ தொடங்கினால் 14-ம் தேதிக்கு 33947. நள்ளிரவு தாண்டியதும் 15-ம் தேதி, அன்றைக்கு 33949. தொடங்கிய அதே தேதியில் தினசரிக் கவனிப்புக் கோடைச் சேர்த்துப் போடக்கூடாது, அன்றைய கவனிப்பு தொடக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

இங்கே டினையல் (இன்சூரன்ஸ் பணம் தர மறுப்பது) வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கோடு அல்ல, குறிப்பு. ஒவ்வொரு தேதிக்கும் எக்மோவைப் பார்த்துக்கொண்டவர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கவேண்டும்: ரத்த ஓட்டம் எவ்வளவு, வாயு எவ்வளவு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் எவ்வளவு, அதைச் சோதித்த நேரம், சர்க்யூட்டில் (இயந்திரத்தின் குழாய்த் தொகுப்பில்) ரத்தக் கட்டி தெரிகிறதா, இன்றைக்கு என்ன மாற்றினார்கள். முந்தைய நாள் குறிப்பையே காப்பி எடுத்து ஒட்டியிருந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்த நாளை வெட்டிவிடுவார். ஏழு நாள் எக்மோவில் நான்காவது நாள் குறிப்பு இல்லையென்றால், நான்காவது நாளைப் போடக்கூடாது. இயந்திரம் ஓடியது என்று பெர்ஃப்யூஷனிஸ்ட் (எக்மோ இயந்திரத்தை இயக்குபவர்) எழுதிய தாள் மட்டும் டாக்டரின் கோடுக்கு ஆதாரமாகாது.

கேள்வி: குழாயை நகர்த்துவதற்கும் மாற்றுவதற்கும் கோடு போடுவதில் குழப்பம்.
— ஜே.பி., லிங்கராஜபுரம்

பதில்: மூன்று நிலைமைகள் உண்டு. குழாய் அதே, கொஞ்சம் நகர்த்தினார்கள்: நகர்த்தும் கோடு மட்டும், உதாரணமாக 4 வயதுக் குழந்தைக்கு ஊசி வழிக் குழாய் என்றால் 33957. அதே ரத்தக்குழாயில் பழையதை எடுத்துப் புதியது போட்டார்கள்: பொருத்தும் கோடு மட்டும், எடுத்ததற்குத் தனியாகக் கிடையாது. கழுத்தில் எடுத்துத் தொடையில் போட்டார்கள்: எடுத்ததற்கு ஒன்று, பொருத்தியதற்கு ஒன்று, இரண்டும் உண்டு. எக்மோ தொடங்கிய தேதியிலேயே நகர்த்தினால் அதைத் தொடக்கக் கோடோடு சேர்த்துப் போடக்கூடாது. எடுக்கும்போது தமனியை விரிவாகச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டிவந்தால் அதற்குத் தனிக் கோடு உண்டு. சும்மா இரண்டு தையல் போட்டு மூடியதற்கு இல்லை.

கேள்வி: இரண்டு நாள் குழந்தை, எடை 3.2 கிலோ. என்.ஐ.சி.யூ. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) டாக்டரின் தீவிர சிகிச்சைக் கோடும் எக்மோ கோடும் ஒரே நாளில் போகலாமா? எடை 4 கிலோவுக்குக் குறைவு என்பதால் 63 மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் கூடுதல் குறி) சேர்க்கலாமா?
— எஸ்., விவேக்நகர்

பதில்: முதல் கேள்விக்கு, போகலாம். 28 நாள் வரையிலான குழந்தைக்குத் தீவிர சிகிச்சையின் முதல் நாள் 99468, அடுத்தடுத்த நாட்கள் 99469. அந்தக் கோடுக்குள் வென்டிலேட்டர் கவனிப்பு, மூச்சுக்குழாய் பொருத்துதல், தொப்புள்கொடி வழிக் குழாய், சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் விரிய உதவும் மருந்து), ரத்தம் ஏற்றுதல் எல்லாம் அடங்கிவிடும். அவற்றைத் தனியாகப் போட்டால் திரும்பி வரும். எக்மோ அந்தப் பட்டியலில் இல்லை. ஆறு வயதோ அதற்கு மேலோ ஆன குழந்தை என்றால் 99291, நேரக் கணக்கு. அப்போது எக்மோவுக்குச் செலவான நிமிடங்களைத் தீவிர சிகிச்சை நிமிடங்களிலிருந்து கழித்து டாக்டர் எழுதியிருக்கவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, 33946 முதல் 33949 வரையிலான நான்கு கோடுகளோடும் 63 சேர்க்கக்கூடாது. சி.பி.டி. புத்தகத்தின் பின்னிணைப்பில் விலக்குப் பட்டியல் இருக்கிறது. பச்சிளம் குழந்தை சார்ட்டில் கை வைப்பவர்கள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்வது நல்லது.

நோய்க் கோடும் கவனம் வேண்டும். மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சியதால் மூச்சுத்திணறல் என்றால் அமெரிக்கப் பட்டியலில் P24.01, பிறவி உதரவிதானக் குடலிறக்கம் Q79.0, பச்சிளம் குழந்தையின் நுரையீரல் ரத்த அழுத்தம் P29.30. எக்மோ ஏன் தேவைப்பட்டது என்பது நோய்க் கோடிலேயே தெரியவேண்டும். மூச்சுத்திணறல் என்று பொதுவாக ஒன்றை மட்டும் போட்டால் அவசியம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

கேள்வி: நான் பெங்களூரிலேயே ஒரு மருத்துவமனையில் டி.பி.ஏ. டெஸ்க்கில் (இன்சூரன்ஸ் கிளைம்களைக் கவனிக்கும் பிரிவில்) இருக்கிறேன். எங்களுக்கு சி.பி.டி. தேவையில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கிளைம் படிவத்தில் பி பகுதியில் புரொசீஜர் கோடு கேட்கிறார்கள். எக்மோவுக்கு எதை எழுதுவது?
— டி.கே., ஜெயநகர்

பதில்: அந்தப் படிவம் கேட்பது ஐ.சி.டி. 10 நோய்க் கோடும் ஐ.சி.டி. 10 பி.சி.எஸ். சிகிச்சைக் கோடும். பி.சி.எஸ். கோடு எப்போதும் ஏழு எழுத்து. மையவழி எக்மோவுக்கு 5A1522F, புறவழி சிரை–தமனிக்கு 5A1522G, புறவழி சிரை–சிரைக்கு 5A1522H. 2018 அக்டோபருக்கு முன்பு மூன்றுக்கும் 5A15223 என்ற ஒரே கோடுதான். பழைய எக்செல் ஷீட்டை வைத்திருக்கும் டெஸ்க்கிலிருந்து இன்றும் அது வந்துகொண்டிருக்கக்கூடும். பி.சி.எஸ்.ஸில் O, I என்ற எழுத்துகளே கிடையாது. வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்.

இங்கே வயது பேதமும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. அதனால் எத்தனை நாள் எக்மோ என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி, நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். "எக்மோ ஆதரவு அளிக்கப்பட்டது" என்ற ஒரு வரியோடு பல லட்ச ரூபாய் பில் போனால் கேள்விக் கடிதம் வராமல் இருக்காது.

கேள்வி: எங்கள் மகளுக்கு வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கி எக்மோ வைத்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். பில்லில் ஆக்சிஜனேட்டர் இரண்டு, வென்டிலேட்டர் கட்டணம் தனி, முதல் நாளில் ரத்தக் கட்டணம் அதிகம். கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இவையெல்லாம் நியாயம்தானா?
— ஒரு தாய், அல்சூர்

பதில்: மகள் வீடு திரும்பியது மிகவும் மகிழ்ச்சி, அம்மா. தயங்காதீர்கள். விவரமான பில் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

ஆக்சிஜனேட்டர் என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதி. ஹெப்பாரின் கொடுத்தாலும் நாள் போகப்போக அதற்குள் சிறு சிறு உறைவுகள் சேரும். அதன் பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கும்: அதைத் தாண்டி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், அல்லது உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூடும். அப்போது மாற்றியே ஆகவேண்டும். ஆகவே இரண்டு இருப்பது தவறல்ல. மாற்றிய தேதியும் நேரமும் பெர்ஃப்யூஷனிஸ்ட் தாளில் இருக்கும், இரண்டாவது கருவியின் லாட் எண் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டிருக்கும். இந்த இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டிக்கர் ஒன்றுதான் இருக்கிறது, பில்லில் இரண்டு என்றால் விளக்கம் கேட்கவேண்டியது அங்கேதான்.

வென்டிலேட்டரும் எக்மோவும் ஒரே நேரத்தில் ஓடுவது வழக்கம்தான். நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்க, மெதுவான வேகத்திலும் குறைந்த அழுத்தத்திலும் வென்டிலேட்டரை விட்டுவைப்பார்கள். ரத்தக் கட்டணம் முதல் நாளில் கூடுவதற்கும் காரணம் உண்டு. குழந்தையின் உடம்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம்தான். சர்க்யூட்டை வெறும் உப்புநீரால் நிரப்பி இணைத்தால் சின்னக் குழந்தையின் ரத்தம் நீர்த்துவிடும். அதனால் சர்க்யூட்டையே ரத்தத்தால் நிரப்பித்தான் தொடங்குவார்கள். ஆனால் பொருத்தம் பார்த்து ஒதுக்கி வைத்த யூனிட் எத்தனை, உண்மையில் ஏற்றியது எத்தனை என்று ரத்த வங்கி ரசீதில் பாருங்கள். ஏற்றாமல் திருப்பிய யூனிட் பில்லில் நின்றுவிடுவது உண்டு. எக்மோ நாட்களை எண்ணும்போது தொடங்கிய நேரத்தையும் எடுத்த நேரத்தையும் வைத்து எண்ணுங்கள். அந்த மருத்துவமனை தேதியை எண்ணுகிறதா, 24 மணி நேரத்தை எண்ணுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுவதும் குறைவதும் அதில்தான். உறைதல் சோதனை ஒரு நாளைக்கு இருபதுக்கும் மேல் இருந்தால் அதிர்ச்சி அடையவேண்டாம், மணிக்கு ஒரு முறை பார்ப்பது உண்டு.

கேள்வி: பிறவியிலேயே இதயக் குறை என்று இன்சூரன்ஸ் தர மறுக்கிறார்கள். கூடவே, அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் மொத்த பில்லிலும் விகிதாசாரமாகக் குறைப்பார்களாம். வழி உண்டா?
— ஆர்., ஸ்ரீராமபுரம்

பதில்: பாலிசியில் வெளிப்புறப் பிறவிக் குறை, உட்புறப் பிறவிக் குறை என்று இரண்டு விளக்கங்கள் தனித்தனியாக இருக்கும். வெளியே தெரியாத, தொட முடியாத பகுதியில் இருந்தால் உட்புறம். இதயக் குறை உட்புறம்தான். வெளிப்புறத்துக்கான விலக்கைக் காட்டி மறுத்திருந்தால் அந்தப் பத்தியையே மேற்கோள் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள். பச்சிளம் குழந்தை என்றால், பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, மூன்று மாதம் கழித்தா என்பதையும் பாருங்கள். கம்பெனி மூலம் வரும் குழுப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே இருப்பது சகஜம், ஆனால் பிறந்த தகவலை எச்.ஆர்.-க்குக் குறித்த நாளுக்குள் சொல்லியிருக்கவேண்டும்.

விகிதாசாரக் குறைப்பில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. மருந்து, நுகர்பொருள், உடம்பில் பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள் இவற்றில் விகிதாசாரக் குறைப்பு செய்யக்கூடாது, ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. எக்மோ பில்லில் பெரும்பங்கு இவைதான். கணக்குத் தாளை வரிவரியாக வாங்கி, எதில் குறைத்திருக்கிறார்கள் என்று குறியுங்கள்.

முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போகலாம். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி.நகரில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், பாலிசி நகல் நான்கையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கேஷ்லெஸ் அனுமதிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும்? ஐ.சி.யூ. வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா?
— பி.எம்., சிவாஜிநகர்

பதில்: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்; டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டித் தாமதித்து மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அந்தத் தொகையை நிறுவனமே ஏற்கவேண்டும். எக்மோவில் முதல் அனுமதித் தொகை சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டெஸ்க்கில் போய், கூடுதல் தொகைக்கான கோரிக்கை அனுப்பினார்களா, எந்த நேரத்தில் அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி.: ஒரு நாள் வாடகை 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள சாதாரண அறைக்கு 5 சதவீதம் உண்டு. ஐ.சி.யூ., என்.ஐ.சி.யூ. படுக்கைக்குக் கிடையாது, பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.